வன்னி றோட்டுக்கு டபிள் கெப்: எந்த றிம், எந்த ரயர்?

மல்லாவியில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவரிடம் 2012ஆம் ஆண்டு ஹைலக்ஸ் வீகோ டபிள் கெப் நிற்கிறது, ஃபோ வீல். கம்பனி போட்டு வந்த 17 அங்குல அலோய் றிம், 265/65/17 ரயர். ரயர் தேய்ந்துவிட்டது, எப்படியும் மாற்றத்தான் வேண்டும். வாகனம் வயலுக்குப் போகும், நெல் ஏற்றும், இடைக்கிடை முல்லைத்தீவுக் கரைக்கு மீன் எடுக்கப் போகும். 20 அங்குல றிம்மும் 33 அங்குல மட் ரயரும் போட்டால் வாகனம் எங்கேயும் ஏறும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். போடலாமா என்கிறார்.

தம்பி, 20 வேண்டாம். இருக்கிற 17 றிம்மையே வைத்துக்கொண்டு 265/70/17 ஏ.ரி ரயர் (ஓல் ரெறெயின், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போடுங்கள். றிம்மையும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் மேலே போகாமல் கீழே இறங்கி, 16 அங்குல இரும்பு றிம்மில் 265/70/16 போடுங்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனால் ரயர்க் கடையில் நின்று கதைக்கும்போது காரணம் தெரியாமல் நின்றால் அவர்கள் தங்களிடம் இருப்பதைத்தான் தலையில் கட்டுவார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணை வாசிப்போம். 265 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தின் நூற்றுவீதமாக. 17 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். 265இல் 65 வீதம் 172 மில்லிமீற்றர். அது மேலே ஒன்று, கீழே ஒன்று. 17 அங்குலம் 431.8 மில்லிமீற்றர். எல்லாம் சேர்த்தால் உங்கள் ரயரின் முழு உயரம் 776 மில்லிமீற்றர், ஏறத்தாழ முப்பதரை அங்குலம்.

இப்போது கூட்டாளிகள் சொல்வதைக் கணக்குப் போடுங்கள். 20 அங்குல றிம்மில் 33 அங்குல உயரம் வர வேண்டுமென்றால் 275/60/20 போன்ற சைஸ் வரும். அதன் பக்கச்சுவர் 165 மில்லிமீற்றர். அதாவது காசைக் கொட்டி, வாகனத்தைத் தூக்கி, பெரிய ரயர் போட்ட பிறகு, றிம்முக்கும் தரைக்கும் இடையில் இருக்கும் றபர் இப்போது இருப்பதைவிடக் குறைவு! கூடியதெல்லாம் நடுவில் இருக்கும் உலோகம்தான். 20 அங்குல றிம் தார் றோட்டில் ஓடும் வாகனத்துக்கு வடிவாக இருக்கும். ஏ9இல் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் ஓடுவதோடு சரி என்றால் போடுங்கள், நான் மறிக்கவில்லை. துணுக்காய்ப் பக்கத்துக் கிறவல் றோட்டில் மழைக்குப் பிறகு தண்ணீர் நிரம்பிய குழிக்குள் அந்த றிம் இறங்கினால், விளிம்பு அடிபடுகிற சத்தம் உங்களுக்கே கேட்கும்.

இந்த விஷயத்தில் பக்கச்சுவர்தான் எல்லாம். காட்டுப் பாதையில் ரயர் செய்யும் வேலையில் பெரிய பங்கு அதன் வளைவில் இருக்கிறது. கல்லைக் கண்டால் உள்வாங்க வேண்டும், மணலைக் கண்டால் பரவ வேண்டும். அதற்குச் சுவரில் உயரமும், உள்ளே இருக்கும் காற்றைக் குறைக்க இடமும் வேண்டும். நாயாற்றுப் பக்கம் அல்லது அளம்பில் கரையில் வாகனம் மணலில் புதையத் தொடங்கினால், அக்சிலேற்றரை மிதிக்கிறவர் இன்னும் புதைவார். இறங்கி, வால்வின் மூடியைக் கழற்றி, நடு ஊசியைச் சின்னக் குச்சியால் அமத்திக் காற்றை விட்டுப் பாருங்கள். 32 பிஎஸ்ஐயில் நிமிர்ந்து நின்ற ரயர் 18க்கு வரும்போது அடிப்பக்கம் மெல்லப் பிதுங்கும். குனிந்து மணலில் பதிந்த தடத்தைப் பார்த்தால், அது பக்கவாட்டில் விரிந்ததைவிட முன்னும் பின்னுமாக நீண்டிருப்பது தெரியும். வாகனத்தின் அதே பாரம் இப்போது கூடிய நிலத்தில் பகிர்கிறது, மணல் தாங்குகிறது. மணலில் அகலமான ரயர் என்று எல்லோரும் பேசுவார்கள், உண்மையில் வேலை செய்வது இந்த நீளம்தான். அந்த நீளம் உயர்ந்த சுவரில்தான் கிடைக்கும். 20 அங்குல றிம்மில் 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் றிம் விளிம்பு தரைக்குக் கிட்ட வந்துவிடும், ஒரு வேர் குறுக்கிட்டாலே போதும்.

காற்றைக் குறைத்தால் திரும்ப அடிக்க வேண்டும், அதை மறக்கக் கூடாது. 18 பிஎஸ்ஐயில் 40 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாதீர்கள், கூர்மையாகத் திருப்பாதீர்கள், திருப்பினால் ரயர் றிம்மை விட்டுக் கழரும். தார் றோட்டில் ஏறுவதற்கு முன் திரும்ப அடித்துவிட வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் சுவர் சூடேறி வெடிக்கும். அதற்குப் பற்றரியில் நேராகக் கொழுவும் கொம்பிரஷர் ஒன்றை வாங்கி வையுங்கள். சிகரட் லைற்றர் துளையில் குத்தும் சின்னவை இந்த அளவு ரயருக்கு மூச்சு வாங்கும், ஃபியூசும் போகும். பெரிய றிம்முக்குப் போகிற காசில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போனால் போதும், வாகனம் போகிற இடம் கூடும்.

சரி, 16க்கு ஏன் இறங்கச் சொன்னேன்? 265/70/16ஐக் கணக்குப் போட்டால் முழு உயரம் 777 மில்லிமீற்றர். இப்போது இருப்பது 776. மீற்றர் மாறாது, கியர் மாறாது, எங்கும் உரசாது. ஆனால் சுவர் 172இல் இருந்து 185ஆகக் கூடிவிட்டது. மற்ற வழி, 17 றிம்மை வைத்துக்கொண்டு 265/70/17. அதிலும் சுவர் அதே 185தான், முழு உயரம் 803 வரும். உயரம் 26 கூடினால் அச்சு மேலே எழும்புவது அதில் பாதி, 13 மில்லிமீற்றர். வீகோவில் இந்தச் சைஸ் பெரும்பாலும் எதையும் வெட்டாமல் ஏறும். ஸ்ரியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன் மட்ஃபிளப்பில் லேசாகத் தொட்டால் அதைக் கொஞ்சம் நகர்த்தலாம். மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 62 ஓடுவீர்கள், பெரிய விஷயமில்லை.

வீகோ 15 அங்குல றிம்மிலும் வந்த வாகனம், ஆகவே 16 ஏறுவதில் பொதுவாகச் சிக்கல் வராது. ஆனாலும் காசு கொடுக்க முதல் ஒரு றிம்மை முன்பக்கம் பூட்டி, கையால் சுற்றி, பிரேக் கலிப்பரில் தட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வந்த ரெவோ, ரேஞ்சர் போன்றவற்றில் பிரேக் பெரிது. அதில் இந்தச் சோதனை இல்லாமல் 16 வாங்கவே கூடாது.

33 அங்குலம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், 17 றிம்மில் 285/70/17 வரும். உயரம் 831. அச்சு 27 மில்லிமீற்றர் எழும்பும். கேட்க நல்லாக இருக்கும். ஆனால் வீகோவின் முன்பக்கத்தில் அது ஒடிக்கும்போது உள் மட்காட்டிலும் அதன் பின்னால் பொடியைச் சட்டத்தோடு பூட்டும் பொடி மவுண்டிலும் உரசும், ஆகவே வாகனத்தை உயர்த்த வேண்டும், சில இடம் வெட்டவும் வேண்டும். உயர்த்தினால் முன் ட்ரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி அதன் றபர் உறை (பூட்ஸ்) கிழியும். மீற்றர் 100 காட்டினால் 107 ஓடுவீர்கள். எல்லாவற்றையும்விட, எஞ்சினுக்கு எல்லாக் கியரும் ஏழு வீதம் நீண்டதுபோல் ஆகிவிடும். 2.5 டீசல் எஞ்சினோடு நெல் ஏற்றிக்கொண்டு குளக்கட்டில் ஏறும்போது அந்த ஏழு வீதம் என்னவென்று விளங்கும். பிரேக்குக்கும் அதே கதைதான்.

வாகனத்தை ஸ்பிறிங் போட்டு உயர்த்துகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஸ்பிறிங் தூக்குவது பொடியை மட்டும். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்சல் உருண்டை ரயரில்தான் நிற்கிறது, ரயர் எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவுதான் அதுவும் எழும்பும். உழவு இயந்திரத் தடம் ஆழமாகப் பதிந்த பாதையில் நடுத்திட்டு முதலில் தட்டுவது அதைத்தான். இரண்டு அங்குல லிஃப்ட் போட்டும் அங்கே ஒரு மில்லிமீற்றர்கூடக் கிடைக்காது. அப்படியான பாதையில் தடத்துக்குள் இறங்காமல், ஒரு சக்கரத்தை நடுத்திட்டிலும் மற்றதை ஓரத்திலும் வைத்து ஓட்டப் பழகுங்கள். அதற்குச் செலவில்லை.

அகலத்தைப் பற்றி. வன்னியில் எல்லா இடமும் ஒரே மண் இல்லை, இதை வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் யோசிப்பதில்லை. முல்லைத்தீவு, கொக்கிளாய்க் கரையோரம் மணல். உள்ளே ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் செம்மண்ணும் கிறவலும். மழையில் மேலே வழுக்கும், ஆனால் அடியில் இறுக்கமாக இருக்கும். மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே முருங்கன் வயல்களில் இருப்பது வேறு சாதி. அந்தக் கறுப்புக் களி காய்ந்தால் கை போகிற அளவுக்குப் பிளக்கும், நனைந்தால் ஊதி ஒட்டிக்கொள்ளும்.

செம்மண்ணில் அகலம் குறைந்த, உயரமான ரயர் நல்லது. மேலே இருக்கும் வழுக்கல் சேற்றை அறுத்துக்கொண்டு அடியில் இருக்கும் இறுக்கத்தைப் பிடிக்கும். 16 றிம்முக்குப் போனால் 245/75/16 என்று ஒன்று இருக்கிறது. உயரம் 774, உங்கள் இப்போதைய உயரமேதான், அகலம் 20 மில்லிமீற்றர் குறைவு, சுவர் 184. நெடுங்கேணிப் பக்கம் வேலை செய்கிறவர் கேட்டிருந்தால் நான் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்குக் கரை மணலும் இருப்பதால் 265. அதற்கு மேலே அகலம் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அகலமான ரயர் தண்ணீர் நிற்கும் தார் றோட்டில் மிதக்கும், ஸ்ரியரிங் பாரமாகும், டீசல் கூடக் குடிக்கும்.

முருங்கன் களியில் காலபோக மழைக்குள் எந்த ரயரும் உதவாது, உண்மையைச் சொன்னால். மட் ரயரின் பெரிய பள்ளங்களும் அரைச் சுற்றில் நிரம்பி, வழுவழுப்பான உருண்டையாகிவிடும். வேகமாகச் சுழற்றினால்தான் அந்தச் சேறு கழன்று பறக்கும், வேகமாகச் சுழற்றினால் வாகனம் குழி தோண்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வயலுக்குள் இறங்குவது உழவு இயந்திரத்தின் வேலை. கெப்பை வரம்பு றோட்டில் நிறுத்திவிட்டு மூட்டையை அங்கே கொண்டுவந்து ஏற்றுங்கள்.

ஆகவே மட் ரயரா ஏ.ரியா என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. எம்.ரி, அதாவது மட் ரயர், சேற்றில் கெட்டிதான். ஆனால் உங்கள் வாகனம் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி மாங்குளம் முல்லைத்தீவு றோட்டைப் போன்ற தார் றோட்டில்தான். அங்கே மட் ரயர் இரையும், மழைத் தாரில் பிரேக் பிடிக்கச் சுணங்கும், கெதியாகத் தேயும். ஏ.ரி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பிஎஃப் குட்ரிச், யோக்கோஹாமா ஜியோலாண்டர், பிரிட்ஜ்ஸ்ரோன் டூலர் என்று நல்ல ஏ.ரி வகைகள் இருக்கின்றன. எது கடையில் புதிதாக இருக்கிறதோ, ஐந்தும் ஒரே வகையில் கிடைக்கிறதோ, அதை எடுங்கள். சில ஏ.ரி ரயரில் மூன்று மலைமுகடும் ஒரு பனிச்செதிலும் கொண்ட ஒரு குறி இருக்கும். கடைக்காரர் அதைக் காட்டி விலை சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். அது பனி விழும் நாட்டுக்கு, புதுக்குடியிருப்புக்கு அல்ல.

காட்டுப் பாதையில் ரயரைக் கொல்வது முன்பக்கக் கட்டை இல்லை, பக்கவாட்டுக் கட்டை. பற்றை வெட்டிய காணியில் கத்தி சரிவாக விழுந்திருக்கும், தரையில் இருந்து நான்கு விரல் உயரத்தில் ஈட்டி முனை மாதிரி ஒரு கட்டை நிற்கும், புல் மூடியிருக்கும். ரயரின் முகப்பில் குத்தினால் பிளக் அடிக்கலாம், சுவரில் கிழித்தால் எறிய வேண்டியதுதான். மன்னார்ப் பக்கத்து உடைமுள்ளும் அப்படித்தான், முகப்பில் ஏறினால் மெல்லக் காற்றுப் போகும், இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். இதற்காகத்தான் எல்ரி என்று எழுதியிருக்கும் பாரவாகன வகை ஏ.ரியைச் சொல்கிறேன், சுவரில் படை கூட இருக்கும். எல்ரி ரயரில் அதே பாரத்தைச் சுமக்கச் சாதாரண ரயரைவிடக் கொஞ்சம் கூடக் காற்று வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதவில் ஒட்டியிருக்கும் காற்றளவு கம்பனி ரயருக்கானது.

பாரம் என்றதும் இன்னொரு எண். சைசுக்குப் பக்கத்தில் 112எஸ் போல ஒன்று இருக்கும். 112 என்றால் அந்த ரயர் 1120 கிலோ தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை. 121/118 என்று இரண்டு எண் இருந்தால் முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, 1450 கிலோ. இரண்டாவது இரட்டைச் சக்கர லொறிக்கு. நெல் மூட்டை ஒன்று 65 கிலோ என்று வைத்தால் 15 மூட்டை ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும், அதில் பெரும்பகுதி பின் அச்சில்தான் இறங்கும். 112க்குக் குறைந்த எதையும் இந்த வாகனத்துக்குப் போடாதீர்கள். ஏற்றும் நாளில் பின்னுக்கு 38, 40 பிஎஸ்ஐ அடியுங்கள், ரயரின் சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். வெறும் வாகனமாகக் கிறவலில் ஓடும்போது 26, 28 போதும், பல் ஆடாது.

இனி ஓஃப்செற். றிம் வாங்கும்போது பலர் கேட்காமல் விடுவது இதைத்தான். றிம்மின் நடுக்கோட்டில் இருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு அது. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும். வீகோவின் 17 அலோய் ஏழரை அங்குல அகலம், ஓஃப்செற் +30. கடையில் வடிவாக வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் 8 அங்குல, ஓஃப்செற் 0 றிம் போட்டால் வெளி விளிம்பு 36 மில்லிமீற்றர் வெளியே வரும். வாளியை உடம்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் பெயாரிங்குக்கு. ஸ்ரியரிங் குழியில் கையை உதறும், சேறு கதவு முழுக்க அடிக்கும், ஒடிக்கும்போது உரசாத ரயரும் உரசத் தொடங்கும். +20 வரை போகலாம், அதற்குக் கீழே வேண்டாம். ஹப்புக்கும் றிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் தட்டுப் போட்டு அகட்டுவதும் இதே கதைதான், கூடவே கழரக்கூடிய ஒரு இணைப்பு.

துளை அளவும் பாருங்கள். ஹைலக்ஸ், ரேஞ்சர், எல்200 எல்லாம் ஆறு துளை, 139.7 மில்லிமீற்றர் வட்டம், ஒன்றின் றிம் மற்றதில் ஏறுவதுபோல் தெரியும். ஆனால் நடுத்துளை ஹைலக்ஸில் 106, ரேஞ்சரில் 93, எல்200இல் 67. ஆகவே பாவித்த எல்200 றிம் ஹைலக்ஸ் ஹப்பில் போகவே போகாது. ரேஞ்சரின் ஓஃப்செற் +55, அதை ஹைலக்ஸுக்குக் கடைந்து போட்டாலும் உள்ளே தள்ளி நிற்கும். நவாரா ஆறு துளையாக இருந்தாலும் வட்டம் 114.3, அது தனிக் குடும்பம்.

இரும்பா அலோயா? உள்ளூர்ப் பாதைக்கு இரும்பு. இரும்பு வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம், அலோய் வெடிக்கும். கரைக்குப் போய் வந்தால் உப்புத் தண்ணீரைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் ரயர் ஒட்டும் விளிம்பில் துரு ஏறி மெல்லக் காற்றுப் போகும்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய வாகனங்களைத்தான் எல்லோரும் தேய்த்துக்கொண்டிருந்தோம், பாவித்த ரயரும், தேய்ந்த ரயரில் புதுப் பூ ஒட்டிய றீபில்ட்டும் சந்தையில் நிறைந்தன. பாவித்ததை வாங்கினால் சுவரில் டிஓடி என்ற எழுத்துக்குப் பின்னால் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்ததை நான் எடுக்க மாட்டேன், சுவரில் நுண்ணிய வெடிப்புகள் இருந்தால் எடுக்கவே கூடாது. காட்டுக்குப் போகும் வாகனத்துக்கு றீபில்ட் வேண்டாம், காற்றைக் குறைத்து ஓடினால் ஒட்டிய பூ உரியும்.

ரயர் ஐந்து வாங்குங்கள், நான்கு அல்ல. வீகோவின் ஃபோ வீலில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்சல் கிடையாது. எச்4, அதாவது ஃபோ வீலின் ஹை கியர், போட்டால் இரண்டு அச்சும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடும். முன்னுக்கு 776, பின்னுக்கு 803 என்று கலந்து போட்டு எச்4இல் ஓடினால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு, இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கும். ஸ்பெயாரும் அதே சைஸ் என்றால்தான் காட்டுக்குள் மாற்றிப் போட்டுத் தொடர்ந்து எச்4இல் வரலாம். ஐந்தையும் 10,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் சுற்றி மாற்றுங்கள், ஒன்றாகத் தேயும். கெப்பின் அடியில் ஸ்பெயார் தொங்கும் இடத்தில் புதிய சைஸ் கொள்ளுகிறதா என்றும் ஒருக்கால் ஏற்றிப் பாருங்கள். அப்புறம், தார் காய்ந்திருக்கும்போது எச்4ஐ எடுத்துவிடுங்கள்.

எந்த ரயர் போட்டாலும் பழகிய தடத்தை விட்டு இறங்காதீர்கள். கண்ணிவெடிப் பலகை நிற்கிற காணிகள் இன்னும் இருக்கின்றன, வனத் திணைக்களத்தின் காடும் பக்கத்தில்தான்.

கடைசியாக நட். கம்பனி அலோய்க்கு வந்த தட்டை வாசர் நட் வேறு, இரும்பு றிம்முக்கான கூம்பு நட் வேறு. 16 இரும்புக்கு மாறினால் 24 நட்டும் அதற்குரியதாக வாங்க வேண்டும், அலோய் நட்டையும் எறியாமல் பெட்டியில் வைத்திருங்கள். கையால் ஓட்டி, குறுக்குக் குறுக்காக இறுக்கச் சொல்லுங்கள். முதல் 100 கிலோமீற்றருக்குள் திரும்ப ஒருக்கால் இறுக்கிப் பாருங்கள், புது றிம்மில் பெயின்ற் அமிழ்ந்து நட் தளரும்.